மோட்டார் சைக்கிள் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவோம்: பாவிக்கும் முறையும் பழுது காணும் வழியும்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பம் ஒன்றின் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள், முன்னொரு காலத்து மாட்டு வண்டிலின் வேலையைச் செய்கின்றது. வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு கைவிட்டுப் போக நேர்ந்த காணிகள் 2009 இற்குப் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் வீடும் கிணறும் திருத்தப்படாத காரணத்தால், வேறிடத்தில் தங்கியிருந்தே தோட்டத்துக்குப் போய் வருவோர் பலர். வன்னியிலும் குடியிருப்பு ஓரிடம், வயல் இன்னோரிடம் என்ற நிலை உண்டு. விடியற்காலையில் கத்தரிக்காய் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு போவதும், இரவில் காவல் கொட்டிலுக்குப் போவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆசுபத்திரிக்கு ஓடுவதும் இந்த வண்டியில்தான்.

இந்த வண்டியின் பற்றரி ஒரு நாள் காலையில் வேலை செய்யாது விட்டால் என்ன செய்கிறோம்? "பற்றரி செத்துப் போச்சு" என்று கடைக்காரர் சொன்னதும் கடன் பட்டாவது புதிதொன்றை வாங்குகிறோம். அப்படித் தூக்கி எறியப்படும் பற்றரிகளில் எல்லாமே செத்தவை அல்ல. சில, சார்ஜ் இறங்கியவை. சில, தண்ணீர் வற்றியவை. சிலவற்றில் பற்றரி நல்லது, வயர்தான் பழுது. மறு பக்கத்தில், தவறான முறையில் சார்ஜ் ஏற்றியதால் நல்ல பற்றரிகளும் கெட்டுப் போகின்றன. எனவே சார்ஜரை எவ்வாறு பாவிப்பது, அது வேலை செய்யாவிட்டால் குறையை எங்கே தேடுவது, எப்போது புதிய பற்றரி வாங்கத்தான் வேண்டும் என்பவற்றை இங்கு ஒழுங்காகப் பார்ப்போம்.

பற்றரிக்குள் இருப்பது என்ன?

மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் இருப்பது ஈய அமிலப் பற்றரி ஆகும். இதனைப் பிரான்ஸ் நாட்டவரான காஸ்ரன் பிளாந்தே என்பவர் 1859 ஆம் ஆண்டு உருவாக்கினார். இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. பெட்டிக்குள் சிறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், தண்ணீர் கலந்த சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்து நிற்கின்றன. ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ற் தரும். ஆகவே 12 வோல்ற் பற்றரியில் 6 அறைகளும், பழைய வண்டிகள் சிலவற்றில் காணப்படும் 6 வோல்ற் பற்றரியில் 3 அறைகளும் இருக்கும். மூடிகளை எண்ணினாலே எந்தப் பற்றரி என்று சொல்லிவிடலாம்.

பற்றரியில் இருந்து மின் எடுக்கும்போது அமிலம் தகடுகளோடு சேர்ந்து, அவற்றின் மேல் ஈயசல்பேற்று என்னும் வெண்ணிறப் பொருள் படிகின்றது. மிச்சமாக நிற்கும் நீரில் அமிலச் செறிவு குறைகின்றது. சார்ஜ் ஏற்றும்போது இது தலைகீழாக நடக்கின்றது: படிந்தது கரைந்து அமிலம் மீண்டும் திரவத்துக்கு வருகின்றது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சார்ஜ் இறங்கிய பற்றரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், படிந்த வெண்பொருள் கல்லுப்போல் இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் அதனை முழுதாகக் கரைக்க முடியாது. பற்றரிகள் கெடுவதற்கு முக்கிய காரணங்களில் இது ஒன்று. சார்ஜ் இறங்கிய பற்றரியை அன்றைக்கோ மறுநாளோ ஏற்றிவிட வேண்டும்.

சார்ஜர் செய்யும் வேலை

எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற். அது ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறி ஓடும் ஆடலோட்டம். பற்றரிக்கோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம், 14 வோல்ற் அளவில் வேண்டும். சார்ஜருக்குள் இருக்கும் ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கின்றது. டயோட்டுகள் ஒரு வழிக் கதவு போல நின்று, மின் ஒரு திசையில் மட்டும் போக விடுகின்றன. 1990 இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, டோர்ச் பற்றரிக்கும் தடை இருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டைனமோ தருவதும் ஆடலோட்டமே. அதனால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற முயன்றவர்கள் இடையில் டயோட் பூட்ட வேண்டியிருந்தது.

இன்று கடைகளில் இரு வகைச் சார்ஜர்கள் கிடைக்கின்றன. முதலாவது சாதாரண சார்ஜர். இது பற்றரி நிறைந்த பின்னரும் ஏற்றிக்கொண்டே இருக்கும். நாம்தான் பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டாவது தானியங்கிச் சார்ஜர். இது பற்றரியின் நிலையை அறிந்து, நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குவோர், 1 அம்பியர் அளவான தானியங்கிச் சார்ஜரை வாங்குவது நல்லது. 6 வோல்ற், 12 வோல்ற் மாற்றும் சுவிச் உள்ளதாயின், ஒவ்வொரு முறையும் அது சரியான இடத்தில் நிற்கின்றதா என்று பார்த்த பின்னரே தொட வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது?

பற்றரியின் பக்கத்தில் 12 வோல்ற் 5 அம்பியர் மணி, அல்லது 2.5, 7, 9 என்று ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். அதுவே அதன் கொள்ளளவு. அதில் பத்தில் ஒரு பங்கு அம்பியரில் ஏற்றுவது பாதுகாப்பான பொது விதி. 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு 0.5 அம்பியர். 2.5 அம்பியர் மணிப் பற்றரிக்கு 0.25 அம்பியர். முற்றாக இறங்கியதாயின் இந்த அளவில் 12 மணித்தியாலம் வரை செல்லும். பாதி இறங்கியதாயின் 6 அல்லது 7 மணித்தியாலம் போதும்.

"காருக்கு ஏற்றும் பெரிய சார்ஜரில் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. 5 அம்பியர் சார்ஜரைச் சிறு பற்றரிக்குப் போட்டால் உள்ளே திரவம் கொதிப்பது போல் நுரைக்கும், பெட்டி சூடேறும், தகடுகள் வளையும், அவற்றில் பூசிய பொருள் உதிர்ந்து அடியில் படியும். அன்றைக்கு வண்டி ஓடும். சில மாதங்களில் பற்றரி முடிந்துவிடும்.

சார்ஜ் ஏற்றும் முறை

1. இடத்தைத் தெரிவு செய்யுங்கள். காற்றோட்டமான, நிழலான, தரை உறுதியான இடம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது பற்றரியில் இருந்து ஐதரசன், ஒட்சிசன் வாயுக்கள் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் ஐதரசன் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். எனவே குப்பி விளக்கு, அடுப்பு, சுருட்டு, பீடி எதுவும் அருகில் இருக்கக்கூடாது. கிடுகுக் கொட்டிலுக்குள் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து இரவிரவாக ஏற்றுவது கூடவே கூடாது.

2. பற்றரியை வண்டியில் இருந்து கழற்றுங்கள். முதலில் மறைமுனை வயரை, அதாவது கழித்தல் அடையாளம் உள்ளதை, கழற்ற வேண்டும். அதன் பின்னர் நேர்முனை வயர். திரும்பப் பூட்டும்போது முதலில் நேர்முனை, கடைசியில் மறைமுனை. இந்த ஒழுங்கில் செய்தால், திறப்பு தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

3. திறக்கக்கூடிய பற்றரியாயின் மூடிகளைக் கழற்றித் திரவ மட்டத்தைப் பாருங்கள். பெட்டியின் பக்கத்தில் மேல் கோடு, கீழ் கோடு இரண்டு உண்டு. தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூடப்படும் அளவுக்கு மட்டும் வடிநீர் விடுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் சற்று உயரும். ஆகவே மேல் கோடு வரை நிரப்புவதைச் சார்ஜ் ஏறி முடிந்த பின்னர் செய்வது நல்லது. முற்றாக அடைக்கப்பட்ட, பராமரிப்புத் தேவையற்ற பற்றரியை ஒருபோதும் திறக்கவேண்டாம்.

4. சிவப்புக் கிளிப்பை நேர்முனையிலும், கறுப்புக் கிளிப்பை மறைமுனையிலும் பூட்டுங்கள். இதன் பிறகுதான் பிளக்கைச் செருகிச் சுவிச்சைப் போட வேண்டும். முடிந்த பின்னர் முதலில் சுவிச்சை நிறுத்தி, பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். மின் ஓடும்போது கிளிப்பை இழுத்தால் பொறி பறக்கும். வாயு அங்கேயே நிற்கின்றது என்பதை நினைவில் வையுங்கள்.

5. மூடி உள்ள பற்றரிக்கு மூடிகளைத் தளர்த்தி வைத்து ஏற்றுங்கள். பக்கத்தில் வரும் சிறு இறப்பர்க் குழாய் அடைபட்டிருந்தால் அதனைச் சுத்தம் செய்யுங்கள்.

6. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு வழமையானது. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, குறைந்த அம்பியரில் தொடருங்கள். 45 பாகை செல்சியசுக்கு மேல் போகவிடக்கூடாது.

7. சாதாரண சார்ஜரில், எல்லா அறைகளிலும் ஒரே மாதிரிக் குமிழி வந்து, இரண்டு மணித்தியாலமாக வோல்ற் அளவு கூடாமல் நின்றால் பற்றரி நிறைந்துவிட்டது. நிறுத்துங்கள்.

வடிநீர் பற்றி ஒரு சொல்

பற்றரியில் இருந்து வற்றுவது தண்ணீர். அமிலம் வற்றுவதில்லை. ஆகவே குறைந்ததற்கு அமிலம் விடுவது தவறு. அது தகடுகளை அரிக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவது. அதில் கல்சியமும் பல இடங்களில் உப்பும் உண்டு. அதனைப் பற்றரிக்கு விட்டால் சிறிது சிறிதாக அதன் ஆயுளைக் குறைக்கும். கடையில் வாங்கும் குடிதண்ணீர்ப் போத்தலும் இதற்கு ஆகாது. வடிநீர் என்று எழுதி விற்கும் போத்தலையே வாங்குங்கள். ஒரு போத்தல் பல வண்டிகளுக்குப் பல மாதம் போதும்.

பெரிய சார்ஜர் மட்டும் கிடைத்தால்

கிராமத்தில் உழவு இயந்திரத்துக்கு ஏற்றும் சாதாரண வகைப் பெரிய சார்ஜர் மட்டும் இருந்தால், ஒரு பல்ப்பைக் கொண்டு மின்னைக் குறைக்கலாம். வண்டியின் பிரேக் லைற்றுக்கு அல்லது சிக்னலுக்குப் பாவிக்கும் 12 வோல்ற் 21 வாற் பல்ப் ஒன்றை அதன் தாங்கியுடன் எடுங்கள். சார்ஜரின் சிவப்புக் கிளிப்பை பல்ப்பின் ஒரு வயரிலும், பல்ப்பின் மற்ற வயரைப் பற்றரியின் நேர்முனையிலும் இணையுங்கள். கறுப்புக் கிளிப் வழமைபோல் மறைமுனைக்கு. இப்போது மின் முழுவதும் பல்ப்பின் ஊடாகத்தான் போக வேண்டும். பற்றரி ஓரளவு நல்ல நிலையில் இருந்தால், ஓடும் மின் அரை அம்பியர், முக்கால் அம்பியர் அளவில் நிற்கும். இது 5 முதல் 9 அம்பியர் மணிப் பற்றரிக்குப் பொருந்தும்.

இந்தப் பல்ப் இன்னொரு உதவியும் செய்யும். மெல்லிய சிவப்பாக எரிந்து, நேரம் போகப் போக மங்கினால் பற்றரி மின்னை வாங்குகின்றது. முழு வெளிச்சத்தோடு எரிந்து மங்காமலே நின்றால் பற்றரிக்குள் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அல்லது கிளிப்புகளை மாறிப் பூட்டியிருக்கிறீர்கள். உடனே நிறுத்திப் பாருங்கள். பல்ப் சூடேறும், கிடுகு, தறப்பாள் எதிலும் படாமல் வையுங்கள். பல்ப் மின்னைக் குறைக்கும், ஆனால் நிறைந்ததும் நிறுத்தாது. நேரம் பார்த்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

சார்ஜ் ஏறவில்லையா? குறையைத் தேடும் ஒழுங்கு

பழுது தேடும்போது இலகுவானதில் இருந்து கடினமானதற்குப் போக வேண்டும். சார்ஜரைக் கழற்றுவது கடைசி வேலை.

முதலில் மின் வருகின்றதா? அதே செருகியில் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். வட்டக் கால் பிளக்கைச் சதுரக் கால் செருகியில் போடும் இடைச்செருகிகள் அடிக்கடி தளர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது, பியூஸ். பல சார்ஜர்களில் பின்பக்கத்தில் கண்ணாடிப் பியூஸ் ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு அதனைப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால், அதே அளவு பியூஸ் போடுங்கள். செப்புக் கம்பி சுற்றிப் போடுவது, சார்ஜரை மட்டுமன்றி வீட்டையும் எரிக்கக் கூடும். புதிய பியூஸும் உடனே அறுந்தால் உள்ளே டயோட் அல்லது ரான்ஸ்போமர் பழுது, தெரிந்தவரிடம் கொடுங்கள். 230 வோல்ற் இருக்கும் பெட்டியை நாமாகத் திறக்கக்கூடாது.

மூன்றாவது, கிளிப்பும் வயரும். கிளிப்புக்கு அருகில் வயர் அடிக்கடி மடங்குவதால், மேல் தோல் நன்றாக இருக்க உள்ளே கம்பி அறுந்துவிடும். அந்த இடத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். தொய்ந்து மடங்கினால் அங்கேதான் முறிவு.

நான்காவது, பற்றரியின் முனைகள். அங்கே வெள்ளை அல்லது பச்சை நிறத் தூள் பூத்திருந்தால் மின் போகாது. ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே போனால் அமிலத்தைக் கெடுத்துவிடும். துடைத்துக் காயவிட்டு, பூட்டிய பின்னர் வஸ்லின் பூசுங்கள்.

ஐந்தாவது, தானியங்கிச் சார்ஜரின் குணம். அடியோடு இறங்கிய பற்றரியை இச் சார்ஜர்களில் பல "பற்றரி" என்றே ஏற்றுக்கொள்வதில்லை. விளக்கு மினுங்கும், மின் போகாது. இது சார்ஜரின் பழுதல்ல. சாதாரண சார்ஜரில் மேற்சொன்ன பல்ப் முறைப்படி ஒரு மணித்தியாலம் அளவில் ஏற்றி, வோல்ற் சற்று உயர்ந்த பின்னர் தானியங்கிச் சார்ஜருக்கு மாற்றுங்கள்.

சார்ஜர் வேலை செய்கின்றதா என்று பார்க்க, சிலர் இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று தட்டிப் பொறி பார்ப்பதுண்டு. இவ்வாறு செய்யவேண்டாம், டயோட் எரிந்துவிடும். சாதாரண சார்ஜராயின் 12 வோல்ற் பல்ப் ஒன்றைக் கிளிப்புகளுக்கு இடையில் பூட்டினால் எரிய வேண்டும். தானியங்கிச் சார்ஜரில் பற்றரி இல்லாமல் பல்ப் எரியாமலிருப்பது வழமை. அதை நல்ல பற்றரி ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

பற்றரி நல்லதா, முடிந்ததா?

மல்ரிமீற்றர் ஒன்று இன்று எந்த மின் பொருட் கடையிலும் வாங்கலாம். சார்ஜ் ஏற்றிய பற்றரியை எதிலும் பூட்டாமல் ஓர் இரவு வைத்து, காலையில் அளந்து பாருங்கள்.

12.6 முதல் 12.8 வோல்ற்: நிறைந்த பற்றரி.
12.4 வோல்ற் அளவு: முக்கால்வாசி.
12.2 வோல்ற் அளவு: பாதி, உடனே ஏற்ற வேண்டும்.
12.0 வோல்ற் அளவு: கால்வாசி.
11.8 வோல்ற்றும் அதற்குக் கீழும்: வெறுமை.

6 வோல்ற் பற்றரிக்கு இவற்றில் பாதியைக் கொள்ளுங்கள்.

நன்றாக ஏற்றிய பின்னரும் காலையில் 10.5 வோல்ற் அளவிலேயே நின்றால், ஓர் அறை செத்துவிட்டது என்று பொருள். ஐந்து அறைகள் மட்டும் வேலை செய்கின்றன. மூடியைத் திறந்து சார்ஜ் ஏறும்போது பார்த்தால், அந்த ஓர் அறையில் மட்டும் குமிழி வராது. இந்தப் பற்றரிக்குச் செலவழிப்பது வீண். அமிலத்தை ஊற்றிவிட்டு புது அமிலம் விட்டாலும், மாத்திரை போட்டாலும் உதிர்ந்த தகடு திரும்பி வராது.

மீற்றர் இல்லாதவர்கள் பல்ப்பைக் கொண்டு சோதிக்கலாம். 12 வோல்ற் 35 வாற் ஹெட்லைற் பல்ப் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். நிறைந்த 5 அம்பியர் மணிப் பற்றரி அதனைக் கால் மணித்தியாலத்துக்குச் சோர்வில்லாமல் எரிக்க வேண்டும். சில நிமிடங்களிலே வெளிச்சம் சிவந்து மங்கினால், அந்தப் பற்றரியை நம்பி இரவுப் பயணம் போகவேண்டாம். சோதனை முடிந்ததும் மீண்டும் ஏற்றி வையுங்கள்.

ஒவ்வொரு வாரமும் இறங்குகின்றதா?

பற்றரி நல்லது, சார்ஜரும் நல்லது, ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டியிருக்கின்றது என்றால் குறை வண்டியில் உண்டு. பற்றரியை வண்டியில் பூட்டி, இயந்திரத்தை இயக்கி, முறுக்கிய நிலையில் பற்றரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ற் வர வேண்டும். 13 இற்கு மேல் ஏறாவிட்டால் வண்டி தானாகச் சார்ஜ் ஏற்றவில்லை. ரெக்ரிபயர், அதன் வயர், அல்லது உள்ளிருக்கும் சுருள் பழுது. 15 வோல்ற்றுக்கு மேல் போனால் ரெகுலேற்றர் பழுது. இந்த நிலையில் பல்ப்புகள் அடிக்கடி எரிந்து போகும். பற்றரித் தண்ணீர் விரைவில் வற்றும். இக் குறையைத் திருத்தாமல் புதுப் பற்றரி பூட்டினால், அதுவும் முன்னதன் வழியே போகும். "அடிக்கடி பற்றரி மாற்றுகிறேன்" என்பவர்கள் முதலில் இந்த அளவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தைக்கு ஒரு கட்டை தூரம் போய் வருவதும், ஒவ்வொரு தடவையும் செல்ப் ஸ்ராட் அடிப்பதும், கூடுதல் லைற்றுகள் பூட்டுவதும் வண்டி ஏற்றுவதைவிட அதிகம் இறக்கும். உதை கம்பி உள்ள வண்டியில், குறும் பயணங்களுக்குக் காலால் உதைத்து இயக்குங்கள்.

புதிய பற்றரி வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டுப் பெற வேண்டும். உலர்ந்த நிலையில் வரும் பற்றரிக்குக் கடையில் அமிலம் ஊற்றி உடனே பூட்டித் தருவதுண்டு. அமிலம் ஊற்றி, அரை மணித்தியாலமாவது ஊறவிட்டு, முதல் சார்ஜை முழுதாக ஏற்றினால்தான் அது தன் முழு வலுவை அடையும். ஒரு நாள் பொறுத்து வாங்குவது நட்டமல்ல.

மின் இணைப்பு இல்லாத இடத்தில்

தற்காலிகக் கொட்டிலுக்கு மின் இணைப்பு இல்லாதவர்களும், காவல் கொட்டிலில் பழைய பற்றரியால் விளக்கு எரிப்பவர்களும் சோலார் தகட்டைப் பாவிக்கலாம். 12 வோல்ற் பற்றரிக்கான 10 வாற் தகடு, உச்சி வெயிலில் அரை அம்பியருக்குச் சற்று மேல் தரும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் நல்ல வெயில் என்று கொண்டால், 5 அம்பியர் மணிப் பற்றரி இரண்டு மூன்று நாளில் நிறையும். தகட்டை நேரே பற்றரிக்குப் பூட்டக்கூடாது. வெறுமனே வெயிலில் நிற்கும் தகட்டில் 20 வோல்ற் அளவு நிற்கும்; அது பற்றரியை அளவுக்கு மீறி ஏற்றிவிடும். இடையில் ஒரு சிறு கட்டுப்படுத்தி வேண்டும். அது நிறைந்ததும் நிறுத்தும். இரவில் மின் திரும்பித் தகட்டுக்கு ஓடாமலும் காக்கும். தகட்டின் மேல் தென்னோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின் பெரிதும் குறையும்.

வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை

அமிலம் கண்ணில் பட்டால், ஒரு நொடியும் தாமதியாமல் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது கண்ணில் ஊற்றிக் கழுவி, ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆகவே வேலை தொடங்க முன்னரே ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். தோலில் பட்டாலும் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். தரையில் சிந்தினால் அப்பச்சோடாவைத் தூவிக் கழுவுங்கள்.

செத்த பற்றரியை உடைத்து ஈயத்தை உருக்குவதும், வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதும் ஆபத்தான வேலை. ஈயப் புகையும் தூளும் உடம்புக்குள் போனால் இலகுவில் வெளியேறாது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது நிரந்தரமாகப் பாதிக்கும். கர்ப்பிணித் தாய்மாரின் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். அடுப்பு வைத்து உருக்கிய முற்றத்தில்தான் பிள்ளை தவழ்கின்றது, கோழி கொத்துகின்றது, ஆடு மேய்கின்றது. அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்றுவதும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துக் கல்லுத் தரையில் மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்கு வர நெடு நாள் எடுக்காது. பழைய பற்றரிக்கு விலை உண்டு. உடைக்காமல், அமிலத்தோடு அப்படியே கடையில் கொடுத்து, புதிய பற்றரியின் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பத்துக் குடும்பத்துக்கு ஒரு சார்ஜர்

ஒரு வீட்டுக்கு ஒரு சார்ஜர் தேவையில்லை. ஒரு பற்றரிக்கு மாதம் ஒரு தடவை ஏற்றினால் போதும் என்று கொண்டால், பத்துக் குடும்பத்துக்கு ஒரு சார்ஜரும் ஒரு மல்ரிமீற்றரும் தாராளம். மின் செலவும் பெரிதல்ல. சிறு சார்ஜர் 20 வாற் எடுக்கும் என்று வைத்தால், 10 மணித்தியாலத்துக்கு 0.2 யூனிற். ஒரு யூனிற் மின்சாரத்தில் ஐந்து பற்றரிகள் ஏறிவிடும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம் எதுவாயினும் இதனைத் தொடங்கலாம். காற்றோட்டமான ஓர் இடம், பொறுப்பாக ஒருவர், ஒரு கொப்பி இருந்தால் போதும். கொப்பியில் பற்றரி யாருடையது, எத்தனை அம்பியர் மணி, ஏற்ற முன்னர் எத்தனை வோல்ற், ஏற்றி ஓர் இரவு வைத்த பின்னர் எத்தனை வோல்ற் என்று எழுதி வாருங்கள். ஒரு சிறு கட்டணம் அறவிட்டால் மின் கட்டணமும் வடிநீர்ச் செலவும் அதில் தீரும். இந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. மாதா மாதம் 12.7 நின்ற பற்றரி 12.5 ஆகி, பிறகு 12.3 ஆகும்போது, அது வயதாகிறது என்று முன்கூட்டியே தெரியும். திடீரென்று கடன் படாமல், அறுவடைக் காசில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க அவகாசம் கிடைக்கும்.

வண்டியைப் பாவிக்காமல் சில வாரம் வெளியூர் போவோர், பற்றரியைக் கழற்றி, நிறைய ஏற்றி, இந்தப் பொறுப்பாளரிடம் விட்டுச் செல்லலாம். சும்மா இருந்தாலும் எமது வெப்பத்தில் பற்றரி மெல்ல மெல்ல இறங்கும். மாதம் ஒரு தடவை ஏற்றினால் கெடாது.

இந்த வாரத்திலேயே உங்கள் பற்றரியின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். முனைகளில் தூள் பூத்திருந்தால் கழுவுங்கள். இவ்விரண்டு வேலைக்கும் கால் மணித்தியாலம் போதும்.